பால்பவுடர் டின்னில் போன கிழங்கு

இலியாஸ் மதார் சாகிபை ஏமாற்றியது 2013 மார்ச்சில். மதார் சாகிபுக்கு அது தெரிய வந்தது 2022 ஆவணியில். இடையில் கிடந்த ஒன்பது வருஷமும் இலியாஸைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர் அவர். சொந்த ஊரான வீரசோழன் கடைத்தெருவில் யாராவது இலியாஸைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஆளோடு ஒரு டீ குடிக்க மாட்டார். இப்போது இதைச் சொல்லி நாலு பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் யாரையும் நம்பிப் பத்துப் பைசாப் பொருளைக்கூடக் கொடுத்தவர்கள் இல்லை.

மதார் சாகிபுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. அவருடைய அத்தா சைக்கிளில் ஜவுளி மூட்டை கட்டி, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகச் சேலை விற்றவர். மகனுக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. கொஞ்ச நாள் அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். கொஞ்ச நாள் மதுரையில் ஒரு செருப்புக் கடையில் நின்றார். இருபத்தேழு வயதில், நசீமாவைக் கட்டிய பதினோராவது மாதம், டிரைவர் விசா என்று சொல்லி ஒரு ஏஜெண்டு அவரைச் சவூதிக்கு விமானம் ஏற்றிவிட்டான். மதார் சாகிபுக்குச் சைக்கிளைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. அது ஏஜெண்டுக்கும் தெரியும்.

போய் இறங்கியது டிசம்பரில். சவூதி என்றால் நம்ம ஊர்ச் சித்திரை மாதம் இரண்டு மடங்கு இருக்கும் என்று நினைத்து, ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாமல் போயிருந்தார். கொண்டுபோய் விட்ட இடமோ நாட்டின் வடக்கு ஓரத்தில் ஒரு பூப்பண்ணை. காலையில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, உள்ளேயே உறைந்து கிடந்தது. பல் கிட்டி நின்றவரை மேஸ்திரி ஒரு நீளமான பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். உள்ளே கதகதப்பு. மழை பெய்து விட்ட வாடை. தலைக்கு மேலே பச்சை இலை. சாயங்காலம் வேலை முடிந்த பிறகும் மதார் சாகிபு வெளியே வர மறுத்துவிட்டார். மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தான்.

அதுதான் நாலாம் நம்பர் குடில். மற்றக் குடில்களில் ரோஜா, கார்னேஷன் என்று தெரிந்த பூக்கள். நாலாம் நம்பரில் மட்டும் பூ இஞ்சி. நாம் டீயில் தட்டிப் போடுகிற இஞ்சிக்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனால் சாப்பாட்டுக்கு ஆகாது, அழகுக்கு மட்டும். ஆள் உயரத் தண்டு, அதன் உச்சியில் ஒரு சாண் நீளத்துக்கு அடுக்கடுக்காய்ச் சிவப்பு மடல். பெரிய ஓட்டல்களின் வரவேற்பறைக்கும் பணக்காரர்களின் விருந்துகளுக்கும் வெட்டி அனுப்புவார்கள். மழைக்காட்டில் பிறந்த செடி என்பதால் அதற்குக் குளிர் ஆகாது. பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் இலை ஓரம் கருகும், பத்துக்குக் கீழே போனால் கிழங்கே அழுகும். அதனால் குளிர்காலம் முழுக்க டீசல் ஹீட்டர் ஓடும். அந்த அனலை ஓட்டை போட்ட நீளப் பைகள் வழியாகச் செடிகளின் காலடியில் விடுவார்கள். கோடையில் எல்லாம் தலைகீழ். ஈர அட்டைகள் வழியாகக் காற்றை இழுத்துக் குடிலைக் குளிர வைக்க வேண்டும். மணிக்கொரு தரம் மேலேயிருந்து பனி போலத் தண்ணீர் இறங்கும். குடிதண்ணீருக்குக் குடம் வரிசை போட்ட ஊரில் பிறந்தவருக்கு முதல் ஒரு மாதம் அதைப் பார்க்கவே பாவம் செய்கிற மாதிரி இருந்தது.

ஆனால் வேலை கைக்கு வந்தது. அஞ்சாறு வருஷத்தில் தெர்மாமீட்டரைப் பார்க்காமலே, கதவைத் திறந்ததும் முகத்தில் படுகிற காற்றை வைத்து டிகிரி சொன்னார். கிழங்கைப் பிரிக்கும்போது எந்தக் கண் முளைக்கும், எது சும்மா கிடக்கும் என்று தடவிப் பார்த்தே சொன்னார். முதலாளி அரபிக்காரர், அதிகம் பேசாதவர். நாலாம் நம்பர் சாவியை இவரிடமே கொடுத்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. மகள் சனோபர் ஒவ்வொரு லீவிலும் முதல் ஒரு வாரம் அவரைப் பார்த்து நசீமாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். பழகி மடியில் வந்து உட்காரும்போது லீவு முடிந்திருக்கும்.

இலியாஸ் அதே ஊர், இரண்டு தெரு தள்ளி. ஒரே வகுப்பில் படித்தவன். இந்தக் கதையில் மதார் சாகிபுக்கு 'அவர்' உண்டு, இலியாஸுக்குக் கிடையாது. 2002-ல் முதலாளியிடம் கெஞ்சி அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்தது மதார் சாகிபுதான். இலியாஸுக்குச் செடி வளர்க்கிற பொறுமை இல்லை, ஆனால் வெட்டின பூவை அடுக்குவதில் கெட்டிக்காரன். வாயும் நல்ல வாய். அவன் பேசினால் அறையில் படுத்திருந்த பத்துப் பேரும் எழுந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

2011 சனவரியில் ஒருநாள் விடிகாலை, ஹீட்டரின் புகைக்குழாயில் மணல் அடைத்துப் புகை குடிலுக்குள்ளேயே சுற்றிவிட்டது. செடியைப் பார்க்க உள்ளே போன மதார் சாகிபு மயங்கி விழுந்தார். கதவு உள்பக்கம் தாழ். இலியாஸ் பூ வெட்டுகிற கத்தியால் பிளாஸ்டிக் சுவரைக் கிழித்து, காலைப் பிடித்து அவரை வெளியே இழுத்துப் போட்டான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து இலியாஸ் அவருக்குச் சிநேகிதன் இல்லை, கூடப் பிறந்தவனுக்கும் மேலே.

அதற்கு முன்பே நாலாம் நம்பரில் ஒரு அதிசயம் நடந்திருந்தது. 2009-ல் ஒரு சிவப்பு இஞ்சிக் குத்தில் ஒரே ஒரு தண்டு மட்டும் வேறு மாதிரிப் பூத்தது. மடலெல்லாம் வெள்ளை, நுனியில் மட்டும் சிவப்பு, மருதாணி வைத்த விரல் நுனி மாதிரி. சில செடிகளில் இப்படி ஒரு கிளை தன்னாலே மாறிவிடுவதுண்டு, பெரும்பாலும் அடுத்த பூவிலேயே பழையபடி ஆகிவிடும். மதார் சாகிபு யாரிடமும் சொல்லாமல் அந்தத் தண்டில் ஒரு நூலைக் கட்டி வைத்தார். அடுத்த பூவும் அப்படியே. கிழங்கைப் பிரித்துத் தனியாக நட்டார். அதுவும் அப்படியே. நாலு வருஷம் விடாமல் பிரித்துப் பிரித்து நட்டுப் பதினோரு குத்து ஆக்கினார். பதினொன்றும் நிறம் மாறவில்லை. ஒரு பிளாஸ்டிக் அட்டையில் 'நசீமா' என்று தமிழில் எழுதிச் சொருகினார். அந்தக் குடிலுக்குள் வருகிறவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

முதலாளி வந்து பார்த்தார். "உன் கண்ணில் பட்டது, உன்னுடையதுதான்" என்று சொல்லி, ஒரு கிழங்கை ஊருக்கு அனுப்பிக்கொள்ளச் சம்மதித்துக் காகிதமும் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு மதார் சாகிபு நசீமாவுக்குப் போன் போட்டுச் சொன்னது இதுதான்: அடுப்படிக்குப் பின்னால் பச்சை வலையில் ஒரு சின்னக் கொட்டகை போடு. கிழங்கு வரும். அது அங்கே பிழைத்து ஒரு பூ பூத்துவிட்டால், நான் விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு வந்துவிடுவேன், இரண்டு பேரும் அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். அதில் சேர்ந்து இருந்தது முழுசாக இரண்டரை வருஷம்கூடக் கிடையாது. நசீமா மறுநாளே ஆள் பிடித்து வலை கட்டினாள். ஏற்கெனவே மாடியில் பெயிண்டு டப்பாக்களில் புதினாவும் மல்லியும் போட்டு, அந்தத் தெருப் பிரியாணிக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்தவள் அவள்.

அந்த மார்ச்சில் இலியாஸ் லீவில் புறப்பட்டான். வளைகுடாவில் இருக்கிற நம்ம ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஊருக்குப் போகிறான் என்றால் மற்றவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார்கள், மேலே பெயர் எழுதி. கொண்டுபோகிறவன் அதைப் பிரிக்க மாட்டான். அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். மதார் சாகிபு ஒரு பால்பவுடர் டின்னைக் கொடுத்தார். உள்ளே இரண்டு கண் உள்ள கிழங்கு, கழுவி, மருந்தில் நனைத்து, ஈரத் துணியில் சுற்றியது. கூடவே அஞ்சு பக்கக் கடுதாசி. மண் எப்படிக் கலக்க வேண்டும், உப்புத் தண்ணீர் படாமல் மழைத் தண்ணீரை எப்படிச் சேர்த்து ஊற்ற வேண்டும், எந்த மாசத்தில் என்ன உரம் என்று, பதினேழு வருஷம் படித்த படிப்பு அத்தனையும் அதில் இருந்தது.

"மாப்ளே, இது வெறும் கிழங்கு இல்லை. நான் ஊருக்குத் திரும்புற வழி. நசீமா கையில குடுத்துரு."

"ஏலே, எங்கிட்டத் தந்துட்டேல்ல. நிம்மதியாத் தூங்கு" என்றான் இலியாஸ்.

பத்து நாள் கழித்து நசீமா போனில் வந்தாள்.

"டின்னு வந்துச்சுங்க. ஆனா எல்லாம் காஞ்சு துண்டு துண்டாக் கெடக்கு. சித்தரத்தை வாடையில்ல அடிக்குது? இலியாஸ் அண்ணன்கிட்டக் கேட்டா, வழியில வெயில்ல வாடியிருக்கும், நட்டாத் துளுத்துரும்ங்கிறாக."

சித்தரத்தை என்றால் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் இடித்துக் கசாயம் போடுகிற நாட்டு மருந்து. அதுவும் இஞ்சிக்குச் சொந்தம்தான்.

"ரெண்டும் ஒரே சாதி, அப்படித்தான் அடிக்கும். நீ கடுதாசில இருக்கிறபடி செய்யி" என்றார் மதார் சாகிபு.

"கடுதாசி எதுவும் இல்லையே."

அவர் இலியாஸுக்குப் போன் போட்டார். "தங்கச்சி கையிலதான் மாப்ளே குடுத்தேன். எங்கயாவது வச்சுட்டு மறந்திருக்கும்" என்றான் அவன். மதார் சாகிபு நம்பினார். ஒரு வாரம் கழித்து நசீமா திரும்பவும் கூப்பிட்டு, "இலியாஸ் அண்ணனைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனே, போனை வச்சிருவேன். கடுதாசியத் தொலைச்சது நீ. என் உசிரைக் காப்பாத்துனவன் ஒரு கிழங்கையா திருடப் போறான்?"

சொன்னபடியே வைத்தும்விட்டார்.

லீவில் போன இலியாஸ் திரும்பவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி ஊரிலேயே நின்றுகொண்டான். ஜூலையில் இன்னொரு இடி விழுந்தது. குடிலைக் குளிர வைக்கிற பம்பு பழுதாகி, மாற்றுச் சாமான் வந்து சேர இரண்டு நாளாகிவிட்டது. அந்த இரண்டு நாளில் நாலாம் நம்பர் அவிந்து போனது. பதினோரு குத்தும் போய்விட்டன. ஊருக்கு அனுப்பிய ஒரு கிழங்குதான் மிச்சம் என்ற ஆசையில் மதார் சாகிபு நசீமாவைக் கூப்பிட்டார். ஒரு முளைகூட வரவில்லை, தோண்டிப் பார்த்தால் எல்லாம் மக்கிப்போய்க் கிடக்கிறது என்றாள் அவள்.

"உன் பேரை வச்சேன் பாரு, அதுதான் நான் செஞ்ச தப்பு" என்றார் மதார் சாகிபு.

இனி ஊருக்கு வந்து என்ன செய்வது? விசாவைப் புதுப்பித்தார். அதற்கடுத்தும் புதுப்பித்தார். கோபம் ஆறின பிறகு அது வேடிக்கைப் பேச்சாக மாறியது, அதுதான் இன்னும் மோசம். லீவில் வரும்போதெல்லாம் விருந்துகளில், "நம்ம நசீமா கை பட்டா கருவேல மரமே பட்டுப்போயிரும்" என்று சொல்வார். பந்தியே சிரிக்கும். கேட்டவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மதார் சாகிபின் தங்கை புது வீடு கட்டி முருங்கைக் கம்பு ஊன்றியபோது, "மதினி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றே சொல்லிவிட்டாள். நசீமா தள்ளி நின்றாள். மாடியில் இருந்த பெயிண்டு டப்பாக்களைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். பச்சை வலைக்குள் விறகும் உடைந்த நாற்காலியும் சேர்ந்தன. சனோபர் வளர்ந்து, கல்யாணமாகி, திருச்சிக்குப் போனாள். அந்தக் கல்யாணத்துக்கு மதார் சாகிபு வந்து இருபது நாள் இருந்தார்.

2022 மே மாதம், டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி நாலாம் நம்பரை இடித்துவிட்டார். மதார் சாகிபு ஒரேயடியாக ஊர் திரும்பினார். இலியாஸ் அல்வா டப்பாவோடு வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். அவன் இப்போது காரியாபட்டியில் குடியிருந்து கல்யாண மேடை அலங்காரம் செய்கிறான், நல்ல பெயர். "உன் இடத்தைப் பாக்க வாரேன்லே" என்று இவர் சொன்னபோது, "அங்க ஒரே சேறு மாப்ளே, நானே வாரேன்" என்று சொல்லிவிட்டான்.

ஆவணியில் அருப்புக்கோட்டை ஐயாத்துரை வீட்டில் கல்யாணம். ஐயாத்துரை நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறவர், நசீமா வீட்டுக்கு மூன்று தலைமுறைப் பழக்கம். மகள் தீபலட்சுமிக்குக் கல்யாணம் என்று நேரில் வந்து அழைத்திருந்தார். நசீமா முழங்கால் வலி என்று சொல்லிவிட்டதால் மதார் சாகிபு மட்டும் போனார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நிமிர்ந்து மேடையைப் பார்த்தார்.

மேடையின் இரண்டு பக்கமும் பித்தளைக் குடங்களில் நாற்பது ஐம்பது தண்டுகள். வெள்ளை மடல். நுனியில் மட்டும் சிவப்பு.

வேறு யாராக இருந்தாலும் இதே மாதிரி இன்னொரு செடி எங்கோ பிறந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். மதார் சாகிபுக்கு அந்த மடலின் வளைவு தெரியும், கீழ் வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மங்கி வருவதுகூடத் தெரியும். மேளம் கொட்டி, தாலி கட்டி, எல்லாரும் அட்சதை போட்டு முடித்தபோதும் அவர் உட்கார்ந்தே இருந்தார். பிறகு எழுந்து போய், மேடைக்கு ஓரத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த ஆளிடம் இது எங்கே கிடைக்கிறது என்று கேட்டார்.

"இதா பாய்? எங்க முதலாளி தோட்டத்துப் பூவு. காரியாபட்டி தாண்டிப் பச்சை நெட்டுல கூடாரம் போட்டிருக்காக. இலியாஸ் பாயைத் தெரியாதா உங்களுக்கு?"

"பாய், சாப்பிடாமப் போறீகளே!" என்று ஐயாத்துரை வாசல்வரை ஓடி வந்தார். மதார் சாகிபு காதில் அது விழவில்லை. மதுரை பஸ்ஸில் ஏறிக் காரியாபட்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்.

பெரிய வலைக்கூடாரம். கதவைத் திறந்ததும் முகத்தில் ஈரக் காற்று பட்டது. மேலேயிருந்து பனி போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய நாலாம் நம்பரை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்திருந்தான், ஹீட்டர் மட்டும்தான் இல்லை, இந்த ஊருக்கு அது தேவையும் இல்லை. வரிசை வரிசையாக ஐந்நூறு குத்துக்குக் குறையாது. பம்பு அறைச் சுவரில் அஞ்சு தாள்கள், பிளாஸ்டிக் உறை போட்டு ஆணி அடித்துத் தொங்கின. மதார் சாகிபின் கையெழுத்து. முதல் தாளில் 'நசீமாவுக்கு' என்று எழுதிய மேல் வரியை மட்டும் நேர்த்தியாகக் கத்தரித்திருந்தான். அந்த ஒரு வரி இருந்த இடத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

இலியாஸ் உள்ளேயிருந்து வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இது யாரு எழுதுனது?" என்று கேட்டார் மதார் சாகிபு.

"நீதான்."

"அப்ப நசீமா கையில குடுத்தது?"

இலியாஸ் பம்பு சுவிட்சை அணைத்தான். "சித்தரத்தை" என்றான். "உக்காரு மாப்ளே, டீ சொல்றேன்."

"கேட்டிருந்தாப் பாதி குடுத்திருப்பேனேடா!"

"குடுத்திருப்பே. எனக்குத் தெரியும். விசாவும் நீதான் குடுத்தே. அதையும் வாங்கியிருந்தா, சாகிற வரைக்கும் நான் உன் தயவுல இருந்திருக்கணும்." அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிந்தது. "யோசிச்சுப் பாருலே. உங்க வீட்டு உப்புத் தண்ணில அது தாங்குமா? எங்கிட்ட வந்ததாலதான் பொழைச்சிருக்கு. அன்னைக்கு உன்னை இழுத்துப் போட்டேன்ல, அதையும் அப்படி இழுத்துப் போட்டேன்னு நெனைச்சுக்க."

மதார் சாகிபு கையை ஓங்கினார். ஆனால் அடிக்கவில்லை. இத்தனை வருஷம் அந்த ஒரு விடிகாலையை வைத்துக்கொண்டு இவனுக்காக ஊரையே பகைத்தோமே என்று அவமானம்தான் முதலில் வந்தது.

"தங்கச்சி அப்பவே கண்டுபிடிச்சிருச்சு" என்றான் இலியாஸ், தலையைக் குனிந்துகொண்டு. "என் மூஞ்சியப் பாத்துட்டே, இது சித்தரத்தைதானேண்ணேன்னு கேட்டுச்சு. நீ அடுத்த பிளேன்ல வந்து சட்டையப் பிடிக்கப் போறேன்னு ஒரு மாசம் எனக்குச் சோறு எறங்கலை. நீ வரலை. நான் ஒருநாள்தான் மாப்ளே பொய் சொன்னேன்."

நாலு கிழங்கு எடுத்துத் தருகிறேன் என்று பின்னாலேயே வந்தான். மதார் சாகிபு திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு வந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். இவன் மட்டும் டின்னை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் 2014-லேயே ஊரில் இருந்திருப்பேன், சனோபர் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்திருப்பேன், உடம்பில் தெம்பு இருக்கும்போதே நசீமாவோடு இருந்திருப்பேன் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஒரே ஒரு ஆறுதல், நசீமாவிடம் சொல்லலாம். உன் கைமேல தப்பில்லை புள்ளே, அந்தத் துரோகி செஞ்ச வேலை என்று சொன்னால் அவள் அழுவாள், மனசு லேசாகும், இரண்டு பேரும் சேர்ந்து இலியாஸைத் திட்டித் தீர்க்கலாம். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார்.

நசீமா முற்றத்தில் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். மதார் சாகிபு படியில் உட்கார்ந்து, கல்யாண மேடையில் ஆரம்பித்து கத்தரித்த கடுதாசி வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது சித்தரத்தைன்னு. அந்த வாரமே ஒரு துண்டை எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போனேன். ஐயாத்துரை அண்ணன் மோந்து பாத்துட்டு, இது நம்ம கடைச் சரக்குதாம்மா, உங்க ஊரு இலியாஸ் பாய்தான் கால் கிலோ வாங்கிட்டுப் போனாரு, வீட்டுல யாருக்கும் சளியான்னு கேட்டாக."

மதார் சாகிபு படியிலிருந்து எழுந்தார். "எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் போன் போட்டேன். நீங்க வச்சுட்டீக."

"அதுக்கப்புறம் எத்தனை தடவை லீவுல வந்தேன்? அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"வந்தப்பல்லாம் பந்தியில உக்காந்து என் கையைப் பத்திச் சொல்லிச் சிரிச்சீக. நான் பரிமாறிக்கிட்டு நின்னேன். எந்தப் பந்தியில சொல்லச் சொல்றீக?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "படுபாவி. நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டானே!"

நசீமா அப்போதுதான் மடிப்பதை நிறுத்தினாள்.

"அவரு எனக்கு யாருங்க? ரெண்டு தெரு தள்ளி இருந்தவரு. ஏமாத்துனாரு, போய்ட்டாரு. அதுக்கு நான் ஒருநாள்கூட அழுததில்லை. நீங்க யாரு எனக்கு?"

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. குரலும் உயரவில்லை. அவருடைய கைலியைக் கையில் பிடித்தபடி, பதில் வேண்டும் என்றுதான் நின்றாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு மடித்த துணிகளைத் திண்டில் வைத்துவிட்டு, ஒளு செய்யப் போனாள்.